வீட்டு மீடியா சென்டர் யாருக்காக?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இரண்டு மூன்று மாதங்களில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கம்ப்யூட்டரை ஹாலில் இருக்கும் டி.வி.யுடன் இணைத்து, வீட்டில் எல்லோரும் சேர்ந்து படம், பாட்டு, போட்டோ பார்க்க முடியுமா?" முடியும். ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள் இருந்தால் போதும். ஆனால் அப்படிச் செய்தவர்களில் பலர் பத்தே நாளில் கேபிளைக் கழற்றிவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் ஒரு அறையில், டி.வி. இன்னொரு அறையில். பாட்டு கேட்க வேண்டும் என்றால் மவுசைத் தேட வேண்டும். பாஸ்வேர்ட் போட வேண்டும். பாதிப் பாட்டில் அப்டேட் வந்து நிற்கும். வீட்டுப் பெரியவர்கள் "எதற்கு இந்த வம்பு" என்று பழையபடி கேபிள் டி.வி.க்கே போய்விடுவார்கள்.

இதற்குத் தீர்வு, டி.வி.க்கு என்று தனியாக ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வைத்துவிடுவது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். மின்சாரம் மிகக் குறைவாக எடுக்கும். இதைத்தான் வீட்டு மீடியா சென்டர் என்கிறோம். இதை எப்படி அமைப்பது என்று சொல்லப் பல கட்டுரைகள் உண்டு. அதில் எதைப் போடுவது என்பதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகத் தெரிகிறது.

பெரிய கம்ப்யூட்டர் ஏன் வேண்டாம்?

முதலில் கரண்ட் கணக்கைப் பார்ப்போம். என் டெஸ்க்டாப், மானிட்டரைச் சேர்க்காமல், படம் ஓடும்போது சுமார் 80 வாட் எடுக்கிறது. தினமும் 5 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 0.4 யூனிட். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பதால் 60 நாளுக்கு 24 யூனிட் ஆகிறது. மீடியா சென்டரை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நாள் முழுவதும் போட்டு வைத்தால், அதே டெஸ்க்டாப் 115 யூனிட்டை விழுங்கிவிடும்.

ராஸ்ப்பெரி பை 4 போன்ற சின்னக் கம்ப்யூட்டர் படம் ஓட்டும்போது 5 வாட் அளவில்தான் எடுக்கிறது. அதை 24 மணி நேரமும் அணைக்காமல் வைத்தாலும் 60 நாளுக்கு 7.2 யூனிட்தான். டெஸ்க்டாப் தினமும் 5 மணி நேரம் எடுப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சத்தம் போடும் பேன் இல்லை என்பது இன்னொரு வசதி.

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் கூடுதல் லாபமும் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் காற்றை நம்பித்தான் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்று தென்னை மட்டையைக் கம்பி மேல் தள்ளிவிட்டால், வீட்டில் கரண்ட் போய்ப் போய் வரும். 2012-ல் தமிழ்நாடு முழுவதும் இருந்த மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் பல வீடுகளில் இன்வெர்ட்டர் வந்தது. இன்வெர்ட்டரில் டெஸ்க்டாப்பை ஓட்டினால் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். 5 வாட் சாதனம் ஓடுவது பேட்டரிக்குத் தெரியவே தெரியாது.

எதை வாங்கலாம்?

ராஸ்ப்பெரி பை முதலில் 2012 பிப்ரவரி 29-ம் தேதி வெளிவந்தது. பள்ளி மாணவர்கள் புரோகிராமிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய போர்டு அது. பிறகு உலகம் முழுவதும் பலரும் அதை டி.வி.க்குப் பின்னால் மாட்டிவிட்டார்கள். 2019-ல் பை 4 வந்தது. 2023-ல் பை 5 வந்தது. படம் பார்க்க பை 4 தாராளமாகப் போதும். 2 ஜி.பி. ராம் உள்ளதே போதுமானது.

இன்னொரு வகை, இன்டெல் என்100 பிராசஸர் போட்ட மினி பி.சி. இதுவும் 2023-ல் வந்ததுதான். பையை விட வேகமானது. விண்டோஸும் ஓடும். டி.வி. பார்க்காத நேரத்தில் கடிதம் டைப் செய்ய, பிரவுஸ் செய்ய என்று முழுக் கம்ப்யூட்டராகவே பயன்படுத்தலாம். 10 வாட் என்று வைத்துக்கொண்டால் நாள் முழுவதும் ஓடினாலும் 60 நாளுக்கு 14.4 யூனிட்.

காசு போடும் முன் வீட்டு பீரோவையும் ஒருமுறை பாருங்கள். 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த லேப்டாப் ஒன்று பேட்டரி போய்க் கிடக்கலாம். அதில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் சார்ஜரை நேரடியாக மாட்டி, முதலில் அதில் பழகிப் பார்க்கலாம். பழகிய பிறகு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

பை வாங்குபவர்கள் போர்டின் விலையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 5 வோல்ட் 3 ஆம்பியர் பவர் அடாப்டர், மெமரி கார்டு, உறை, மைக்ரோ எச்.டி.எம்.ஐ. கேபிள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். செல்போன் சார்ஜரை மாட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கரண்ட் பற்றாமல் திடீர் திடீரென நின்றுபோகும்.

கடைகளில் "எல்லாப் படமும் உள்ளே இருக்கிறது, மாட்டினால் போதும்" என்று விற்கும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளை வாங்காதீர்கள். டி95 என்ற விலை குறைந்த பெட்டியில், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே மால்வேர் இருந்ததை 2023-ல் கண்டுபிடித்தார்கள். திருட்டுப் படத்துக்காக உங்கள் வீட்டு இன்டர்நெட்டின் சாவியை முகம் தெரியாதவனிடம் கொடுக்க வேண்டுமா?

சாப்ட்வேர் எது?

கோடி என்று ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. நம் ஊர் எண் கோடி அல்ல, பெயரே அதுதான். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் பார்க்க சில ஆர்வலர்கள் 2000-களின் தொடக்கத்தில் எழுதியது. எக்ஸ்.பி.எம்.சி. என்று அழைக்கப்பட்டு, 2014-ல் கோடி என்று பெயர் மாறியது. இலவசம். சோர்ஸ் கோடும் திறந்தே இருக்கிறது.

நான் இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. மைக்ரோசாப்ட் 2002-ல் விண்டோஸ் எக்ஸ்பி மீடியா சென்டர் எடிஷன் என்று தனியாகவே ஒன்றைக் கொண்டுவந்தது. மிக அழகாக இருக்கும். 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது மீடியா சென்டரையே எடுத்துவிட்டார்கள். அதை நம்பியிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது. கோடி உங்கள் பைல்களை எந்தப் பெட்டியிலும் பூட்டுவதில்லை. நாளைக்குக் கோடியே இல்லாமல் போனாலும், போல்டரில் உங்கள் வீடியோ வீடியோவாகவே இருக்கும்.

பையில் கோடியை ஓட்ட லிபரெலெக் என்ற சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம் சிறந்தது. 2016 முதல் வருகிறது. நிறுவும் முறை இதுதான்:

1. உங்கள் பெரிய கம்ப்யூட்டரில் ராஸ்ப்பெரி பை இமேஜர் என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்யுங்கள்.

2. 16 அல்லது 32 ஜி.பி. மெமரி கார்டைச் செருகுங்கள். அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் வேறு எதுவும் அதில் இருக்கக் கூடாது.

3. இமேஜரில் உங்கள் பை மாடலையும், மீடியா பிளேயர் பட்டியலில் லிபரெலெக்கையும் தேர்வு செய்து எழுதச் சொல்லுங்கள்.

4. கார்டைப் பையில் போட்டு, பவர் துளைக்குப் பக்கத்தில் உள்ள எச்.டி.எம்.ஐ. துளையில் கேபிளை மாட்டி, கடைசியில் பவர் கொடுங்கள்.

5. முதல் முறை அது கேட்கும் கேள்விகளில் சாம்பா என்பதை ஆன் செய்யுங்கள். அப்போதுதான் விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் வழியாகப் பைல்களைப் போட முடியும்.

படங்களையும் பாட்டுகளையும் மெமரி கார்டில் வைக்காதீர்கள். தனியாக ஒரு யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க் மாட்டுங்கள். பை தரும் கரண்டில் ஒரு சின்ன டிஸ்க் ஓடும். இரண்டை மாட்ட வேண்டாம். எல்லாவற்றையும் டி.வி. ஷோகேஸ் கண்ணாடிக்குள் அடைத்து வைக்காமல் காற்றுப் படும்படி வையுங்கள். சித்திரை வெயிலில் அதற்கும் புழுங்கும்.

ரிமோட்டில்தான் விஷயம் இருக்கிறது

பையா, மினி பி.சி.யா என்று கேட்டால், மீடியா சென்டர் வேலைக்கு நான் பையைத்தான் சொல்வேன். வேகம் குறைவுதான். ஆனால் டி.வி. ரிமோட்டே பைக்கும் வேலை செய்யும். எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக ரிமோட் கட்டளையை அனுப்பும் சி.இ.சி. என்ற வசதி பையில் இருக்கிறது. மினி பி.சி.க்களில் பெரும்பாலும் இல்லை. டி.வி. அமைப்புகளில் இதை ஆன் செய்ய வேண்டும். சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்.ஜி.யில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று ஆளுக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள்.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் சின்னமனூரில் எங்கள் வீட்டில் மீடியா சென்டர் பிழைத்ததே இதனால்தான். நான் வேலைக்காக வெளியூரில் இருப்பவன். லீவுக்கு வந்து அமைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். மற்ற நாளெல்லாம் அதை இயக்க வேண்டியவர் எங்கள் அப்பத்தா. அவருக்கு எழுத்து வாசிக்க வராது. மேலே, கீழே, நடுவில் ஓகே என்ற மூன்று பட்டன்தான் தெரியும்.

அதனால் ஒவ்வொரு போல்டரிலும் ஒரு போட்டோவை ஃபோல்டர் என்று ஆங்கிலத்தில் பெயரிட்டு, ஜேபெக் பைலாகப் போட்டு வைத்தேன். கோடி அதையே அந்தப் போல்டரின் முகமாகக் காட்டும். கோயில் படம் இருந்தால் திருவிழா. சித்தப்பா படம் இருந்தால் சித்தப்பா கல்யாணம். எழுத்தே தேவையில்லை. போல்டருக்குத் தமிழில் பெயர் வைத்து அது கட்டம் கட்டமாகத் தெரிந்தால், ஸ்கின் அமைப்பில் எழுத்துருவை ஏரியல் வகைக்கு மாற்றிப் பாருங்கள்.

எதைப் போடுவது?

நான் முதலில் செய்த தவறு இங்கேதான். முதல் லீவில் என் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த ஹாலிவுட் படங்களையும் பாட்டுகளையும் போட்டு, பெருமையாக டி.வி.யில் ஓட்டிக் காட்டினேன். அப்பத்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏய்யா, இதுல பாப்பா காதுகுத்து வருமா? அதுல உங்க தாத்தா பேசுவாருல்ல."

தங்கச்சியின் காதுகுத்து 2004-ல் குலதெய்வக் கோயிலில் நடந்தது. மூன்று வி.சி.டி. கொடுத்திருந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு தாத்தா இறந்துவிட்டார். அவர் பேசி நடமாடும் படம் அது ஒன்றுதான். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் மூன்று டிஸ்க்கும் பத்திரமாக இருந்தன. பத்திரமாக என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். முதல் இரண்டும் திணறித் திணறி காப்பி ஆயின. மூன்றாவதைப் பந்தி டிஸ்க் என்று எங்கள் வீட்டில் சொல்வோம். தாத்தா எல்லோரையும் சாப்பிடக் கூப்பிடுவது அதில்தான் இருக்கிறது. டிரைவ் அதைச் சுற்றிக்கொண்டே இருந்தது. திறக்கவில்லை.

போடியில் இருக்கும் அத்தைக்கும் ஒரு செட் கொடுத்திருந்தது நல்லவேளையாக அப்பாவுக்கு நினைவு வந்தது. மறுநாளே போய் வாங்கி வந்தோம். அந்த டிஸ்க்கில் பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. சுமார் இருபது நிமிடம் கிடைத்தது. அந்த இருபது நிமிடத்தில் தாத்தா குரல் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. ஐந்து வருடம் முன்னால் நான் இதைச் செய்திருந்தால் முழுவதும் கிடைத்திருக்கும். அப்போதே என்னிடம் கம்ப்யூட்டர் இருந்தது. டிரைவும் இருந்தது. தோன்றத்தான் இல்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. எழுதக்கூடிய சி.டி.யில் தகவல் ஒரு சாயப் படலத்தில்தான் இருக்கிறது. வெப்பத்திலும் வெளிச்சத்திலும் அது மங்கும். இன்னொன்று, நாம் எல்லோரும் பளபளப்பான அடிப்பக்கத்தைத்தான் பத்திரமாகப் பிடிப்போம். உண்மையில் சி.டி.யில் மென்மையான பக்கம், பெயர் எழுதும் மேல்பக்கம்தான். அங்கே பிரதிபலிக்கும் பூச்சுக்கு மேல் மெல்லிய வார்னிஷ் மட்டுமே உண்டு. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி "காதுகுத்து 3" என்று எழுதினாலே அடியில் உள்ள தகவல் போய்விடலாம்.

எனவே கோடியை இன்ஸ்டால் செய்த அன்றைக்கே இந்த வேலையைத் தொடங்குங்கள்:

வி.சி.டி.யில் எம்பெக்ஏவி என்ற போல்டருக்குள் டேட் என்ற நீட்சியுடன் பைல் இருக்கும். அதை ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்து, நீட்சியை எம்.பி.ஜி. என்று மாற்றினால் போதும். ஒரு டிஸ்க்குக்கு 700, 800 எம்.பி.தான் ஆகும். டி.வி.டி. என்றால் வீடியோ டி.எஸ். போல்டரை அப்படியே முழுதாகக் காப்பி செய்யுங்கள். 4.7 ஜி.பி. டி.வி.டி.க்கள் 200-க்கு மேல் ஒரு டி.பி. டிஸ்க்கில் அடங்கும்.

காப்பி பாதியில் நின்றால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. பிறகு வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் மறுத்ததை இன்னொன்று படிக்கும். ஐசோபஸ்டர் என்ற சாப்ட்வேர் விடாமல் முயன்று படிக்கும். அதில் சில வசதிகளுக்குப் பணம் கட்ட வேண்டும்.

ஆடியோ கேசட்டுகளையும் விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்தில் ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துப் பதிவு செய்து வாங்குவார்கள். இளையராஜா பிறந்த பண்ணைப்புரமும் பாரதிராஜா பிறந்த அல்லிநகரமும் நம் மாவட்டம்தான் என்பதால், அப்படிக் கேசட் இல்லாத வீடு இங்கே குறைவு. அந்தப் பாட்டுகள் இன்றைக்கு எங்கும் கிடைக்கும். கேசட்டின் கடைசியில் யாராவது குழந்தையைப் பேச வைத்துப் பதிந்திருப்பார்களே, அது எங்கும் கிடைக்காது. டேப்ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் லைன் இன் துளைக்கு ஒரு ஒயர் போட்டு, ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரில் பதியலாம்.

இப்படி யோசித்துப் பாருங்கள். மதுரை, போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 இறுதியில் நின்றது. அகலப்பாதை ரயில் 2022-ல் தேனி வரையும், 2023-ல் போடி வரையும் வந்தது. நடுவில் பிறந்த குழந்தைக்கு அந்தப் பழைய ரயிலைக் காட்ட உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவில் ஓடும் இரண்டு நிமிடம் போதும். அது எந்த ஓ.டி.டி.யிலும் வராது.

மறுத்துச் சொல்பவர்களுக்கு

"இப்போது எல்லாம் ஸ்மார்ட் டி.வி.தானே, பென்டிரைவைச் செருகினால் போதாதா?" என்று கேட்பார்கள். ஒரே ஒரு கல்யாண வீடியோதான் இருக்கிறது என்றால் பென்டிரைவே போதும். காசைச் செலவழிக்காதீர்கள். ஆனால் நூறு பைல் சேர்ந்துவிட்டால், டி.வி. சில வகைப் பைல்களைத் திறக்காது. பட்டியலும் குழப்பமாக இருக்கும்.

"கிளவுடில் போட்டுவிடலாமே?" போடுங்கள். கூடுதலாக ஒரு காப்பி இருப்பது நல்லதுதான். ஆனால் கூகுள் தரும் இலவச இடம் 15 ஜி.பி. 2021 ஜூன் முதல் போட்டோக்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டன. 100 ஜி.பி.யை 10 எம்.பி.பி.எஸ். அப்லோட் வேகத்தில் ஏற்ற, நடுவில் கரண்டும் நெட்டும் போகாமல் இருந்தால், சுமார் 22 மணி நேரம் ஆகும். மாதச் சந்தா கட்ட மறந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள்.

"ஓ.டி.டி. படங்கள் இதில் நன்றாக ஓடுமா?" ஓடாது என்றே சொல்வேன். அதற்கு ஸ்மார்ட் டி.வி.யோ ஸ்டிக்கோதான் சரி. ஓ.டி.டி. மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

கரண்ட் போனால்?

சின்னக் கம்ப்யூட்டருக்கும் ஒரு பலவீனம் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது பவர் போனால் மெமரி கார்டு கெட்டுவிடலாம். மறுமுறை ஆன் செய்தால் கறுப்புத் திரைதான் வரும். எங்கள் வீட்டில் ஆடிக் காற்றில் ஒருமுறை இப்படி ஆனது. எனவே இன்வெர்ட்டர் லைனில் உள்ள பிளக்கில் மாட்டுங்கள். பல இன்வெர்ட்டர்களில் யு.பி.எஸ். மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் வைத்தால் லைன் மாறும் நேரம் குறையும், சின்னக் கம்ப்யூட்டர் அணைந்து ஆன் ஆகாது. மோடத்துக்கு விற்கும் 12 வோல்ட் குட்டி யு.பி.எஸ்.ஸைப் பையில் மாட்டிவிடாதீர்கள். பைக்கு 5 வோல்ட்தான்.

எல்லாம் சரியாக ஓடத் தொடங்கிய பிறகு, லிபரெலெக் எழுதிய கார்டைப் போலவே இன்னொரு கார்டு தயார் செய்து டி.வி.க்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். உங்கள் பைல்கள் தனி ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதால் கார்டு போனாலும் நஷ்டம் இல்லை.

ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க்கும் ஒரு நாள் போகும். அது நிச்சயம். மீடியா சென்டரில் இருப்பது ஒரு காப்பி மட்டுமே. இன்னொரு டிஸ்க்கில் அதே பைல்களைப் போட்டு வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். எங்கள் இரண்டாவது டிஸ்க் இப்போது போடி அத்தை வீட்டில் இருக்கிறது. போன முறை அவர்கள் பீரோதான் எங்களைக் காப்பாற்றியது.

கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியிருக்கும் நீங்கள் கோடி, லிபரெலெக் எல்லாவற்றையும் நிதானமாகக் கற்றுக்கொள்ளலாம். சின்னக் கம்ப்யூட்டரை அடுத்த போனஸில் வாங்கலாம். அவசரம் அதில் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து, பழைய டிஸ்க்குகளை வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக டிரைவில் போட்டுப் பாருங்கள். எது இன்னும் படிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். படிப்பதை அன்றைக்கே காப்பி செய்துவிடுங்கள்.

எங்கள் அப்பத்தா இப்போது தினமும் சாயங்காலம் விளக்கேற்றியதும் ஓகே பட்டனை அமுக்குகிறார். தாத்தா "எல்லாரும் சாப்பிட வாங்க" என்று கூப்பிடும் இடம் வந்ததும் அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போவார்.